டாக்டர் காரின் நிழல்

டாக்டர் காரின் நிழல் அதைவிட்டுக் கழன்றுகொண்டது கோயம்புத்தூரில், பழைய கார்களின் அணிவகுப்பு நடந்த மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில். அந்த நேரத்தில் அங்கே நாற்பத்தாறு கார்கள் நின்றன, அவற்றின்மேல் ஈ உட்காராமல் பார்த்துக்கொள்ளும் நாற்பத்தாறு சொந்தக்காரர்கள் நின்றார்கள், கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கும் கூட்டம் நின்றது, ஒலிபெருக்கி யாரையோ விடாமல் பாராட்டிக்கொண்டிருந்தது. இத்தனை கண்கள் இருந்தும் நிழல் போனதைப் பார்த்தவள் தவமணி ஒருத்திதான். பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தவள், காருக்கடியிலிருந்து கறுப்பாக ஒன்று வழுக்கி வெளியே வருவதையும், சோம்பல் முறிப்பதுபோல் ஒருமுறை நீண்டு சுருங்குவதையும், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே வளைந்து வாசலுக்குப் போய், லாரி ஒன்று கடக்கும்வரை ஓரமாக நின்று, பிறகு கிழக்கே பல்லடம் ரோட்டில் திரும்பிப் போவதையும் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்ட இருபத்தாறு வருஷத்தில், அதிலும் அந்தக் கார் வீட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில், அதிலிருந்து எது கழன்று விழுந்தாலும் ஆச்சரியப்படாத மனசு அவளுக்கு வந்துவிட்டது. இன்றைக்குப் பார்த்தா போகணும் என்றுதான் நினைத்தாள்.

நிழல் போன காரணம் கேட்பவர்களுக்கு ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வண்டியின் நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தரையைவிட்டுத் தூக்கக் கூடாது, ஒரு சக்கரமாவது மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று பழைய பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நாச்சிமுத்து கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிங்கரிங் ஃபோர்மேன். இந்த வழக்கத்தைப் பதினேழு வயதிலிருந்து அறிந்தவர். ஆனால் அணிவகுப்பில் சிறந்த அடிப்பாகத்துக்கு என்று ஒரு கோப்பை வைத்திருந்தார்கள், நடுவர்கள் கண்ணாடியைத் தரையில் போட்டு வண்டியின் வயிற்றைப் பார்ப்பார்கள், பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை மல்லாந்து படுத்துக் கழித்த மனிதருக்கு அந்த வயிற்றை ஊருக்குக் காட்டும் ஆசையை அடக்க முடியவில்லை. நாலு ஸ்டாண்டு வைத்துத் தூக்கிவிட்டார். கோப்பையும் கிடைத்தது. நிழல் போய்விட்டது.

அவர் அந்தக் காரைக் கண்டுபிடித்தது, எப்போதோ இறந்துபோன ஒரு டாக்டரின் தோட்டத்தில், கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில். அதனால் தெருவில் எல்லோருக்கும் அது டாக்டர் கார். வாரத்தில் ஆறு நாள் அவர் தட்டி நிமிர்த்திய பஸ்கள் கன்னியாகுமரிவரை ஓடுகின்றன, ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. ஏழாவது நாளில் தட்டி நிமிர்த்திய இந்த ஒன்று மட்டும்தான் அவருடையது. ஆனால் அதுவோ ஓடுவதைவிட நிற்பதில் கெட்டிக்காரக் கார். முந்தின வருஷம் அணிவகுப்பிலிருந்து டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் வந்தது, அதற்கு முந்தின வருஷம் லாரியின்மேல் வாழைத்தார்களோடு வந்தது, தெருவே வாசலுக்கு வந்து பார்த்துச் சிரித்தது. சிரிப்பைத் தாங்க முடியாத தவமணி இந்த வருஷம் பூஜை அறையில் கற்பூரத்தைக் கொளுத்தி, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். இந்தத் தடவை கார் தன் சக்கரத்தாலேயே, அன்றைக்கே பொழுதிறங்குவதற்குள், தன் ஷெட்டுக்குள் வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்காட்டு ஓட்டல்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டல்காரர் அதை நடுவில் அறுத்து, முன்பாதியை வரவேற்பு மேசையாக ஆக்கப் போகிறார். படம்கூட வரைந்து அனுப்பியிருந்தார். நாச்சிமுத்து கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினார். பண்ணிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அன்று ராத்திரியே தவமணிக்குத் தான் செய்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. காரை அறுத்தால் இந்த ஆளையும் சேர்த்துத்தான் அறுப்பார்கள். ஆனால் கற்பூரத்தில் அடித்ததை யார் திருப்பி எடுப்பது?

"ஏனுங்க, நம்ம வண்டியோட நெழலு போயிருச்சுங்க" என்று அவள் போய்ச் சொன்னபோது நாச்சிமுத்து கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"கெழக்க. ஊட்டுப் பக்கமாத்தான் போச்சு."

அவர் குனிந்து பார்த்தார். மைதானத்தில் எல்லாக் கார்களுக்கும் அடியில் ஒரு கறுப்பு இருந்தது, டாக்டர் காருக்கடியில் மட்டும் மண் பளீரென்று வெளுத்துக் கிடந்தது. அவர் முகம் கறுத்தது. "வழி தெரிஞ்சுதான் போகுது. வெரசா ஏறு, புடிச்சுரலாம்" என்றார். குரலில் தெம்பு இல்லை.

நிழல் இல்லாத வண்டியை ஓட்டுவது என்னவென்று ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். எந்த வண்டிக்கும் மேலே வெயில் என்றால் கீழே கொஞ்சம் குளிர்ச்சி உண்டு, எஞ்சின் அதைப் பார்த்துத்தான் மூச்சு விடுகிறது. நிழல் போன வண்டிக்கு மேலும் வெயில், கீழும் வெயில், இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் வடைச்சட்டியாகக் காய்கிறது. சூலூர் தாண்டுவதற்குள் சூட்டுமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டிச் சிவப்பை முகர்ந்துபார்த்தது. மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு தவமணி முள்ளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஏறினால் அவள் நெஞ்சு ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஆறு கிலோமீட்டருக்கு ஒருதரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் போர்த்தி, கேனிலிருந்து தண்ணீரை வார்த்து, ஆவி அடங்கும்வரை இரண்டு பேரும் ரோட்டோரத்தில் குற்றவாளிகளாக நின்றார்கள்.

வழியில் யாரும் அதிசயப்படவில்லை. போய்விட்ட பஸ்ஸை விசாரிப்பதுபோல அவர்கள் விசாரித்தார்கள், போய்விட்ட பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல ஊர் சொன்னது. "முன்னாடி ஒரு காரு நெழலு போச்சுங்களா?" என்றால், "போச்சுங்க, அரை மணி நேரமாச்சு, ரெண்டு எருமை குறுக்க வந்துச்சு, நின்னு வழி உட்டுட்டுத்தான் போச்சு" என்றார் பல்லடத்து டீக்கடைக்காரர். அதற்கப்பால் ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தி, குனிந்து பார்த்து, நிழல் எங்கே என்று கேட்டார். முன்னாடி போகுதுங்க என்றார் நாச்சிமுத்து. ஆர்.சி. புத்தகமும் அதோடு போய்விட்டதா என்று கேட்டார் காவலர். இல்லை, கையில் இருக்கிறது என்று காட்டினார். அப்படியென்றால் போகலாம், ஆனால் வேகமாகப் போக வேண்டாம், நிழலே நிதானமாகத்தான் போனது என்றார்.

காங்கயம் தாண்டும்போது மணி மூன்றே கால். வெள்ளக்கோவிலுக்குப் பாதி வழியில் ஏழுபுளிப் பிரிவு என்று ஒரு பஸ் நிறுத்தம் வருகிறது. பெயரில் உள்ள ஏழு புளிய மரங்களும் ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டுப்பட்டுப் போய், நிழற்குடைக்கு நட்டு ஆறு வருஷமாகக் கூரை போடாத நாலு இரும்புக் குழாய்கள் மட்டும் நிற்கின்றன. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் குழாயின் நிழலில் வரிசையாக, ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். அன்றைக்கு அங்கே யாரும் வரிசையில் நிற்கவில்லை. டாக்டர் காரின் நிழல் ரோட்டோரத்தில் அகலமாகப் படுத்திருந்தது, பானெட்டும் மட்கார்டும் கூரையும் கொஞ்சமும் குறையாமல் தெரிந்தன, அதற்குள் பதினேழு பேரும் ஒரு வெள்ளாடும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த நிழலுக்கு ஒரு நடைமுறை ஏற்பட்டுவிட்டிருந்தது. முன்சீட்டு இருக்கும் இடம் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு, பின்சீட்டு வயதானவர்களுக்கு, மட்கார்டு இளவட்டங்களுக்கு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். யாரோ கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள், யாரோ முன்விளக்குகள் இருக்கும் இடத்தில் இரண்டு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். நாற்பது அடி தள்ளி நிறுத்துவதே வழக்கமான தனியார் பஸ்கள்கூட நிழலின் கதவுக்கு நேராக மரியாதையாக நின்று போயின. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் டேப்பைப் பிடித்து அளந்து, 'நிழல் உபயம்' என்று தன் படத்தோடு பேனர் வைக்க அச்சகத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ, எடம் இருக்குது" என்று டிக்கிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பட்டத்தாள். அவள் கூடையும் கத்தியும் உப்புப் பொட்டலமுமாக நிழலின் பின்சக்கரத்தை ஏற்கெனவே கடையாக்கியிருந்தாள். "மொதல்ல ஏரோப்பிளேன் நெழலாட்ட இருக்குதுன்னு அண்ணாந்து பாத்தமுங்க. மேல ஒண்ணையுங் காணோம். அப்பறம் இந்த ஆடு போயிப் படுத்துச்சு. ஆடு வெவரமில்லாம படுக்காதுங்களே, நாங்களும் வந்து உக்காந்துட்டம்."

நாச்சிமுத்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளைத்தாச்சி, டிபன் பையைத் தலைக்கு வைத்து முன்சீட்டு நிழலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திரு, இது என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

தவமணிதான் சொன்னாள். "அது எங்க வண்டியோட நெழலுங்க. பொழுதெறங்கறதுக்குள்ள கரூரு போயாகணும். இல்லீன்னா வண்டிய ரெண்டா அறுத்துருவாங்க."

யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "உங்களுதுன்னா ஓட்டிட்டுப் போங்க தாயி" என்று ஒவ்வொருவராக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தூங்கினவளை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, நாலு இரும்புக் குழாய்க்கும் பக்கத்தில் போய் வெயிலில் நின்றார்கள். பிரமுகர் மட்டும் போனில் அச்சகத்திடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தவமணி தாங்கியிருப்பாள். அவர்கள் இப்படிப் பேசாமல் விலகிப் போனது அவளைச் சுட்டது.

நாச்சிமுத்து காரைப் பின்னுக்கு எடுத்து நிழலின்மேல் அளவாகக் கொண்டுவந்து நிறுத்தினார். நிழல் ஒரு கஜம் தள்ளிப் படுத்தது. மறுபடி ஓட்டி நிறுத்தினார். மறுபடி தள்ளிப் படுத்தது. மூன்றாம் தடவை அது நேராக நகர்ந்து போய், இரும்புக் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் காலடியில் விரிந்துகொண்டது. ஆடு உடனே படுத்தது.

அவர் இறங்கிப் போய் நிழலுக்குப் பக்கத்தில் குந்தினார். "ஏஞ்சாமி, என்ன கொறை வெச்சேன்? வாராவாரம் தொடச்சு மெழுகு போட்டனே?" என்று கேட்டார். கேட்கும்போது அழுதார். பதினேழு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

தவமணிக்கு அப்போது விளங்கியது. பதினோரு வருஷமாக அந்தக் கார் தார்ப்பாய் போர்த்தி ஷெட்டுக்குள் கிடந்தது, வெளியே வந்தாலும் அவர் ஒருத்தரையும் தொடவிட்டதில்லை. அந்த நிழலில் இதுவரை ஒரு ஆள்கூட ஒதுங்கியதில்லை. "அதுக்கு வேல கெடச்சுருச்சுங்க. இனி வராது" என்றாள் மெதுவாக.

"அப்ப வண்டி?"

அவள் கேனை ஆட்டிப் பார்த்தாள். வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது, இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிடந்தது, கேனில் தண்ணீர் கால்வாசிதான் இருந்தது.

வெள்ளரிப்பிஞ்சை உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்த பட்டத்தாள்தான் வழி சொன்னாள். "வண்டிக்கு ஏதோ ஒரு நெழலு வேணும், அவ்வளவுதானுங்களே? இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு எங்களுக்கு எதுக்குங்க எங்க நெழலு? சும்மாதான் கெடக்குது. கோயலுக்குள்ள போறப்ப செருப்ப வெளிய உடறதில்லீங்களா, அந்த மாதிரி வண்டிக்கடியில உட்டுட்டு வாரோம். நீங்க முன்னாடி கொண்டுட்டுப் போங்க, நாங்க பொறவால பஸ்ஸுல வந்து, அவங்கவங்க எறங்கற எடத்துல எடுத்துக்கறோம். பஸ்ஸுலயும் எடம் மிச்சமாகும்."

சுமையை முன்னாலேயே ஏற்றி அனுப்புவது எல்லோருக்கும் பழக்கமான காரியம் என்பதால் அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஒவ்வொருவராக வந்து, தங்கள் நிழல் காருக்கடியில் விழும்படி நின்று, கொஞ்சம் தயங்கி, பிறகு பேசாமல் காரின் பழைய நிழலுக்குள் போய் உட்கார்ந்தார்கள். கூடையும், முண்டாசும், ஊன்றுகோலும், டிபன் பையுமாக அவர்களுடைய நிழல்கள் வெளியே தங்கிவிட்டன. ஆட்டைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருந்தது. "ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க" என்றாள் பட்டத்தாள் தவமணியிடம். "உட்ட நெழல அன்னைக்கே பொழுதெறங்கறதுக்குள்ள எடுத்துக்கணும். உட்டுட்டமுன்னா வண்டியோட ஒட்டிக்கும், அப்பறம் வராது."

பிறகு டாக்டர் கார் ஓடிய ஓட்டத்தை அது புதிதாக இருந்தபோதுகூட ஓடியிருக்காது. அதற்கு முன்னால் ரோட்டில், பதினேழு பேரும் ஒரு ஆடுமான ஒரு கூட்டத்தின் நிழல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் சாய்ந்து, பாலங்களுக்கடியில் தலை குனிந்து ஓடியது. முள் பச்சைப்பிள்ளை மாதிரி கீழே கிடந்தது. தவமணி முதன்முதலாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நாச்சிமுத்து சிரித்தார்.

வெள்ளக்கோவிலில் நிழல்கள் கையைத் தூக்கின. நிறுத்தினார்கள், தவமணி கண்டக்டர் மாதிரி கதவைத் தட்டி, "எறங்கு, எறங்கு, பாத்து எறங்கு" என்றாள். ஒன்பது நிழல்கள் இறங்கி, பஸ் நிறுத்தத்தின் சுவரோரம் ஒழுங்காகச் சாய்ந்து நின்று தங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தன. கார் கிளம்பியது. முள் ஒரு கோடு ஏறியது. ஊரைத் தாண்டியதும் ஒரு சோளக்காட்டைப் பார்த்து ஆட்டின் நிழல் யாரையும் கேட்காமல் குதித்துவிட்டது. தென்னிலையில் பட்டத்தாளின் நிழலோடு சேர்ந்து நாலு, பரமத்தியில் மூன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் முள் ஒரு கோடு ஏறியது, சூரியன் ஒரு விரல் இறங்கியது. யார் முந்துவது என்று தெரியாமல் தவமணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளங்கை வியர்த்துக் கோப்பை வழுக்கியது.

கடைசியில் பிள்ளைத்தாச்சியின் நிழல் மட்டும் மிஞ்சியது. அது அகலமான, அமைதியான நிழல். அது ஒன்றே முள்ளைச் சிவப்புக்குக் கீழே பிடித்து வைத்திருந்தது. கரூருக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு மண்பாதை பிரியும் இடத்தில் அது கையைத் தூக்கியது.

நாச்சிமுத்து பார்க்காத மாதிரி ஓட்டினார்.

"கை தூக்குதுங்க."

"ஒரு ஏழு கிலோமீட்டரு புள்ள. ஊட்டுக்குப் போயிட்டு, நாளைக்குக் கொண்டாந்து உட்டுர்றன்."

"நாளைக்கு வராதுங்க. வண்டியோட ஒட்டிக்கும்."

"ஏழே ஏழு..."

"அவ பொறவால வந்து எறங்கித் தேடுவா. புள்ளத்தாச்சி. நிறுத்துங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். நிழல் ஒரு கையால் இடுப்பைப் பிடித்து இறங்கி, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மண்பாதையின் ஓரக்கல்லில் உட்கார்ந்தது. மறுபடி கிளம்பி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் முள் சிவப்புக்குள் புகுந்தது, பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி சீறியது, எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது.

"அவ்வளவுதான் புள்ள" என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "யாராச்சும் டிராக்டருக்காரன் வந்தாக் கயித்தக் கட்டச் சொல்லு." இருந்தாலும் பழக்கம் விடுமா, இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி, கேனில் கடைசியாக இருந்த இரண்டு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதற்குப் பின்னால் மறைந்தார்.

தவமணி இறங்கினாள். மேற்கே சூரியன் பனைமரங்களின் மட்டத்துக்கு வந்திருந்தது. அவளுடைய நிழல் ரோட்டின்மேல் நீளமாகக் கிடந்தது. மத்தியானத்தில் அது ஒரு சக்கரத்துக்குக்கூடக் காணாது. இந்த நேரத்தில் ஒரு கார் முழுவதையும் மூடும். நாற்பத்தொன்பது வருஷமாகக் கூடவே வந்த நிழல், பள்ளிக்கூடத்துக்கு வந்தது, கல்யாணப் பந்தலுக்கு வந்தது, கிணற்றடிக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. பானெட்டுக்குப் பின்னாலிருந்து, தண்ணீர் வார்த்துக்கொண்டே அவர் காரிடம் ஏதோ சமாதானம் சொல்லும் சத்தம் கேட்டது. அவள் பின்சக்கரத்துக்கு நேராகப் போய், நிழல் முழுவதும் வண்டிக்கடியில் விழும்படி நின்று, சேலை முந்தானையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், முந்தானையின் நிழலும் சரியானது. "போயி இரு" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாச்சிமுத்து வந்து சாவியைத் திருகினார். நம்பிக்கையில்லாமல்தான் திருகினார். எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது. முள் நடுங்கி, யோசித்து, இறங்கியது.

"பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினார். "தண்ணி போற வழியில தெர்மோஸ்டாட்டு ஒட்டிக்கிட்டு இருந்திருக்குது, இப்ப உட்டுருச்சு! அதுதான் சங்கதி. நெழலாவது ஒண்ணாவது!"

"ஆமாங்க" என்றாள் தவமணி. உடம்பு லேசாகக் குளிர்ந்த மாதிரி இருந்தது.

தெருவுக்குள் நுழையும்போது சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி போயிருந்தது. ஆட்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள், கயிற்றைத் தேடினார்கள், காணாமல் கை தட்டினார்கள். ஒருத்தி ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வழியை மறித்தாள். ஷெட்டுக்கு ஏறும் சரிவு இன்னும் பத்தடி இருந்தது. தவமணி நினைத்திருந்தால் அந்த நேரத்தில் கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்கடியிலிருந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டிருக்கலாம். வண்டி சரிவில் ஏறாமல் நின்றிருக்கும், அவ்வளவுதான். அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆரத்தி சுற்றி முடிந்தது. நாச்சிமுத்து கியரைப் போட்டார். டாக்டர் கார் முக்கி முனகிச் சரிவில் ஏறி, தன் நாலு சக்கரத்தில், தன் ஷெட்டுக்குள் போய் நின்றது. பின்னால் தெரு முழுவதும் வெளிச்சம் அணைந்து, எல்லோருடைய நிழலும் ஒன்றாகப் போயிற்று. அதனால் அவளிடம் ஒன்று குறைவது யாருக்கும் தெரியவில்லை.

சாப்பிடும்போது தெர்மோஸ்டாட்டைப் பற்றி அவர் நாலு தடவை சொன்னார். அவள் நாலு தடவையும் கேட்டாள், இன்னொரு தோசை வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. பட்டறைக்குக் கிளம்பிய நாச்சிமுத்து, டிபன் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போக வாசலுக்கு வந்தார். தவமணி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தரையில் கொடிக்கயிற்றின் நிழல் கிடந்தது, அதில் அவருடைய சட்டையின் நிழல் ஆடியது, ஒரு தலையணை உறையின் நிழல் எங்கிருந்தோ எழும்பி, தானாக உதறிக்கொண்டு, தானாகக் கொடியில் ஏறியது. அதைப் பிடித்திருந்த கைகளின் நிழல் எங்கும் இல்லை. அவர் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார். நேற்று எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது ஞாபகத்துக்கு வந்தது. கேரியரைக் கீழே வைத்தார்.

"வேலைக்கு நேரமாகலீங்களா?" என்றாள் அவள், திரும்பாமலே.

"ஆகட்டும்" என்றார்.

முற்றத்தில் இறங்கி, அவளுக்கும் வெயிலுக்கும் நடுவே, அவளை ஒட்டினாற்போல் போய் நின்றுகொண்டார். அவருடைய நிழல் அவள்மேல் விழுந்து, அவள் காலடியிலிருந்து சுவர்வரை நீண்டது. அவள் அடுத்த துணிக்குக் குனிந்தபோது அவரும் குனிந்தார். கொடியின் அந்தப் பக்கம் நகர்ந்தபோது அவரும் நகர்ந்தார். வாளியில் இன்னும் ஒன்பது துணி இருந்தது.